சுருட்டு அலமாரியில் தங்கிய சீசன்

குற்றாலத்துச் சீசன் எங்கே போய்த் தொலைந்தது என்று ஊரே நெற்றியில் கையை வைத்து மேற்கைப் பார்த்து நின்ற அந்த வருஷம், அது துண்டுக்கடை ஆவுடையப்பன் வீட்டு மாடியில், சுடலைமாடசாமிக்கென்று செய்து வைத்த சுருட்டு அலமாரிக்குள் சௌகரியமாக இருந்தது. அதை யாரும் பிடித்து அடைக்கவில்லை. அதுவாக வந்தது, கதவு திறந்திருந்தது, உள்ளே கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது, தங்கிவிட்டது. இதில் வாயைப் பிளக்க ஒன்றுமில்லை என்பது ஆவுடையப்பனின் கட்சி. வா என்று சொன்னால் யாரும் வரத்தானே செய்வார்கள்.

வெளியூர்க்காரர்களுக்குச் சீசன் என்றால் ஆயிரம் இருக்கும். மாம்பழத்துக்கு ஒரு சீசன், கல்யாணத்துக்கு ஒரு சீசன், கிரிக்கெட்டுக்கு ஒரு சீசன் என்பார்கள். குற்றாலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஆனி பிறந்ததும் கேரளத்து மழையில் மிஞ்சியது செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, மலைமேல் தண்ணீராகவும் ஊர்மேல் சாரலாகவும் இறங்கி, கொஞ்சம் வெயிலும் நிறையக் காற்றுமாக ஆவணி வரைக்கும் இருந்துவிட்டுப் போகும். அதுதான் சீசன். அது வந்தால்தான் லாட்ஜுக்காரருக்குச் சாவி எடுக்க வேலை, மசாஜ்காரருக்கு எண்ணெய் காய்ச்ச வேலை, பழக்காரிக்கு மங்குஸ்தான் அடுக்க வேலை, ஆவுடையப்பனுக்குத் துண்டு மடிக்க வேலை.

அருவிக்குப் போகிற பாதையில் ஆவுடையப்பனின் கடை. குளிக்க வருகிறவர்கள் வீட்டிலேயே மறந்துவிட்டு வருவதெல்லாம் அவரிடம் கிடைக்கும். துண்டு, டவுசர், சீயக்காய்ப் பொட்டலம், சீப்பு என்று எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார், வாயில் இருக்கும் சுருட்டை மட்டும் எடுக்கமாட்டார். திண்டுக்கல்லில் இருந்து கட்டுக்கட்டாக வரவழைத்து, எழுந்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் ஊதி, சுருட்டுக்கும் சுருட்டுக்கும் இடையில் கிடைத்த நேரத்தில்தான் சாப்பிட்டார், கல்யாணம் செய்தார், உலகம்மாள் என்று ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து மஸ்கட்டுக்கு வேலைக்கும் அனுப்பினார். அந்தப் புகையெல்லாம் எங்கே போயிற்று என்று அவர் யோசித்ததே இல்லை. அது பாதிக்கு மேல் அவர் மனைவி பிரமுவின் நெஞ்சுக்குள் போயிருந்தது. ஒரு மார்கழியில் பிரமுவுக்கு மூச்சு உள்ளே போகவும் மாட்டாமல் வெளியே வரவும் மாட்டாமல் நின்றபோதுதான் அவருக்கு அது தெரிந்தது.

பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில், ஒரு சுருட்டை வாயில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்த ஆவுடையப்பன், பற்ற வைக்காமல் அப்படியே சுடுகாட்டுச் சாமிக்குரிய தெற்குத் திசைக்குத் திரும்பி, குடும்பத்துக் குலசாமியான சுடலைமாடனைக் கூப்பிட்டார். "மாடா, அவளுக்கு மூச்சைக் குடு. இனி நான் இதைத் தொடமாட்டேன். என் பங்குச் சுருட்டும் உனக்கே." நெருப்பு விரலைச் சுட்டது. குச்சியை உதறிக்கொண்டிருக்கும்போதே, பிரமு கண்ணைத் திறந்து காப்பி கேட்கிறாள் என்று நர்ஸ் வந்து சொன்னாள். அன்று தொடங்கிய நன்றி அவருக்குத் தீரவே இல்லை. கடையில் துண்டு மடிக்கும்போதும் அவருக்குக் காது வீட்டுப் பக்கமே இருக்கும். பிரமு மூச்சு விடுகிற சத்தம் கேட்டால் போதும், இரண்டு கையையும் சேர்த்துத் தெற்கே ஒரு கும்பிடு போடுவார், வாடிக்கையாளர் எதிரில் நின்றாலும் போடுவார்.

சொன்னபடி அடுத்த ஆடிக் கொடைக்கு, மாடன் கோயில் திருவிழாவுக்கு, சுருட்டுக் கட்டுகளோடு போனார். ஆனால் அந்த வருஷ வெயிலில் தகரப் பெட்டிக்குள் கிடந்த சுருட்டெல்லாம் காய்ந்து உதிர்ந்திருந்தது. சாமியாடி ஊய்க்காட்டான் மற்ற நாளில் வீடுகளுக்கு வயரிங் பார்க்கிறவன், சாதுவான ஆள். கொடையன்று மாடன் இறங்கிவிட்டால் கண் சிவந்து ஆள் உயரம்கூட மாறிவிடும். அவன் ஒரு சுருட்டை எடுத்துக் கடித்தான். அது பொலபொலவென்று மீசையில் கொட்டியது. "என்னல இது, சுருட்டா சருகாலே?" என்று கேட்டுவிட்டுச் சாமி இருமியது. தொண்டையைச் செருமிச் செருமி, மேளம் நின்றுபோகிற அளவுக்கு இருமியது. அதே நேரம் பெண்கள் வரிசையில் பிரமுவும் ஒரே ஒரு தடவை இருமினாள்.

அந்த ஒரு இருமல் போதாதா? ஆவுடையப்பனுக்குத் திருநீறு பூசிய நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. சாமிக்குச் சுருட்டு காய்ந்தால் பிரமுவுக்கு நெஞ்சு காயும் என்று அவர் மனதில் எழுதியாகிவிட்டது, இனி யார் வந்தும் அழிக்க முடியாது. அடுத்த கொடைக்குள் சுருட்டு காயாமல் வைக்க ஒரு வழி செய்தே ஆகவேண்டும்.

ஐயம்பெருமாள் ஆசாரியைக் கூப்பிட்டார். ஆசாரி செங்கோட்டை மரக்கடைக்குப் போய்ச் சந்தன வேம்பு வாங்கி வந்தார். செக்கச் செவேலென்று, அறுக்கும்போதே தெருவுக்கு மணக்கிற மரம், பூச்சி கிட்டே வராது. ஆள் உயரத்துக்கு ஓர் அலமாரி. உள்ளே மூன்று தட்டு, காற்று ஏறி இறங்க ஒவ்வொரு தட்டிலும் இடைவெளி விட்ட சட்டங்கள். வெளியே மட்டும் பாலிஷ், உள்ளே பூச்சு எதுவும் இல்லாத வெறும் மரம். கதவைச் சாத்தினால் 'புஸ்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை ஆசாரி போகிறவர் வருகிறவருக்கெல்லாம் சாத்திச் சாத்திக் காட்டினார்.

"காத்தா இருந்தாலும் இதுக்குள்ள அனுமதி கேட்டுத்தான் போவணும், அண்ணாச்சி."

மகள் உலகம்மாள் மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலில், விலை உயர்ந்த சுருட்டு விற்கிற கடையில் வேலை பார்த்தாள். அலமாரிக்குள் ஈரம் எவ்வளவு என்று முள் காட்டுகிற ஒரு வட்ட மானியை ஊருக்கு வந்தவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். போனிலும் கூப்பிட்டாள். மாடியில் சிக்னல் வரும் போகும், அவள் பேச்சும் அப்படியே வந்து போனது.

"யப்பா, அவசரப்பட்டுச் சுருட்டை உள்ள வச்சிராதீங்க. புது மரம் தாகத்தோட இருக்கும், சுருட்டுல இருக்க ஈரத்தை அது குடிச்சிரும். மொதல்ல பெட்டியச் சீசன் பண்ணணும்."

"சீசனா?"

"ஆமாப்பா, சீசன். பேட்டரிக்கு ஊத்துத சுத்தத் தண்ணி இருக்குல்லா, அதுல துணிய நனைச்சுப் பிழிஞ்சு உள்ள பூரா தொடைங்க. ஒரு கிண்ணத்துல தண்ணி வைங்க. பொறவு கதவை..."

அதோடு போன் கொரகொரவென்று ஆகிவிட்டது. கதவை என்ன செய்ய வேண்டும் என்பது மஸ்கட்டுக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் கடலில் விழுந்துவிட்டது.

ஆவுடையப்பனும் ஆசாரியும் அலமாரி முன்னால் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"சீசன் பண்ணணும்னா என்ன அர்த்தம் ஆசாரி?"

"சீசன்னா சீசன்தான் அண்ணாச்சி. சாரல் படணும், மலைக்காத்து படணும், எடையில செத்த வெயில் படணும். அப்பத்தான் மரம் பக்குவப்படும்."

"அப்போ கதவை?"

"மூடி வச்சா சீசன் எப்பிடி உள்ள வரும்? நல்லாத் தெறந்து வைங்க. மேற்க பாத்து வைங்க."

உலகத்தில் வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது. கதவை இறுக மூடிவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும் என்பதுதான் மகள் சொல்ல வந்தது. இவர்களோ அலமாரியை மாடியறையில் மேற்கு ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, கணவாயைப் பார்த்துக் கதவை அகலத் திறந்து வைத்தார்கள். ஆவுடையப்பன் கடையிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து, கஞ்சி போக அலசி, ஒர்க்‌ஷாப்பிலிருந்து வாங்கி வந்த பேட்டரித் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு தட்டாக, ஒவ்வொரு சட்டமாக, மூலை முடுக்கெல்லாம் துடைத்தார். துடைத்த இடம் கருஞ்சிவப்பாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளுத்தது. அவ்வளவு தாகம் அந்த மரத்துக்கு. திரும்பவும் துடைத்தார். கீழ்த்தட்டில் பிரமு ஒரு வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள், வைக்கும்போது பழக்கதோஷத்தில், "வாங்க, உக்காருங்க" என்றாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் வைக்கிறபோது அவள் சொல்வது அது.

ஆனி முழுக்க மலையில் ஒரு துளி இல்லை. அருவி விழுகிற பாறையில் குரங்குகள் படுத்து வெயில் காய்ந்தன. மசாஜ் தங்கையா எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். பழக்கடை மைமூன் மங்குஸ்தான் கூடைகளில் ஈரச்சாக்கைப் போட்டுப் போட்டு அலுத்தாள். கேரளத்தில் மழை வெளுத்து வாங்குகிறது என்று டிவியில் காட்டினார்கள், ஆனால் கணவாய்க்கு இந்தப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. புழுதிக்காற்று மட்டும் வந்தது. அதில் பிரமுவுக்கு லேசாக மூச்சு இளைக்கத் தொடங்கியது. ஆவுடையப்பன் தினமும் மரத்தைத் துடைத்தார், கிண்ணத்தை நிரப்பினார், மானியைப் பார்த்தார். முள் காய்ந்த பக்கமே கிடந்தது.

ஆடி பிறந்து ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு அவர் மாடிக்குப் போனபோது, ஒரு போர்வை அகலத்துக்கு மேகம் ஒன்று தென்னை உச்சிகளை உரசிக்கொண்டு வந்து, ஜன்னலில் கொஞ்சம் தயங்கி, அலமாரி வாசலில் நின்றது. அதன் பின்னால் ஈரக்காற்று வந்தது, அதன் பின்னால் சாரல் வந்தது, கடைசியில் இளவெயில் ஒரு கீற்று வந்தது. நெடுந்தூரம் பஸ்ஸில் வந்த குடும்பம் ஒவ்வொருவராக இறங்குவதுபோல எல்லாம் வரிசையாக உள்ளே போய் ஆளுக்கொரு தட்டில் அமர்ந்தன. கீழ்த்தட்டில் சாரல், நடுத்தட்டில் காற்று, மேல்தட்டில் வெயில். ஆவுடையப்பன் சத்தம் போடவில்லை. வந்தவர்கள் களைத்துப் போயிருப்பார்கள் என்று கதவை மெல்லச் சாத்தினார். 'புஸ்' என்றது. பிறகு கீழே இறங்கி வந்து, "பிரமு, சீசன் வந்துட்டு. நம்ம அலமாரியில இருக்கு" என்றார். அவள், "சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள்.

மறுநாள் மானியில் முள் நடுவில் வந்து, நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. மரம் கருஞ்சிவப்பாகவே இருந்தது, வெளுக்கவில்லை. சுருட்டுக் கட்டுகளை நூல் பிரித்து நடுத்தட்டில் ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்கினார். கீழிருந்து சாரல் தெறிக்காது, ஆனால் அதன் குளிர்ச்சி ஏறும். இரண்டு நாள் கழித்து ஒன்றை எடுத்து விரலால் அமுக்கினார். மெத்தென்று அமுங்கி, விட்டதும் பழையபடி எழுந்தது. சலசலக்கவில்லை, உதிரவில்லை. அதுதான் பதம். ஆவுடையப்பன் அதை மூக்கில் வைத்து முகர்ந்தார், ஒரு நிமிஷம் அவருக்கு உயிரே போய் வந்தது, ஆனாலும் திரும்ப வைத்துவிட்டார். அந்த அறையில் படுத்த பிரமுவுக்கும் இளைப்பு நின்று மூச்சு நூல் பிடித்தாற்போல் வந்தது.

ரகசியம் எவ்வளவு நாள் தாங்கும்? அந்த அறையில் காயப்போட்ட துண்டு காயவில்லை. ஜன்னலோரம் பாசி பிடித்தது. குரங்குகள் அருவிப்பாறையை விட்டுவிட்டு ஆவுடையப்பன் வீட்டு மொட்டைமாடிக்குக் குடி வந்தன. மைமூன் ஒருநாள் மிளகாய்ப்பொடி கடன் வாங்க வந்தவள் மூக்கை உறிஞ்சிப் பார்த்து, "அக்கா, ஒங்க வீட்டுல சீசன் மணக்குது" என்றாள். பிரமுவுக்குப் பொய் வராது. மாடிக்கு அழைத்துப் போய்க் கதவை ஒரு விரல் அளவு திறந்து காட்டினாள். மைமூன் கையை உள்ளே விட்டாள், கையெல்லாம் சாரல் பூத்தது. "ஆமா, சீசன்தான்" என்று சொல்லிவிட்டு மிளகாய்ப்பொடியை மறந்துவிட்டுப் போனாள்.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. எப்படி அலமாரிக்குள் போனது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் எப்போது வெளியே வரும் என்பதுதான். மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் போன் போட்டு, "சீசன் எப்படி?" என்று கேட்டவர்களிடம் லாட்ஜுக்காரர்கள், "சீசன் இருக்கு சார், இப்போதைக்கு ஆவுடையப்பன் அண்ணாச்சி வீட்டு மாடியில இருக்கு" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். சிலர் அதற்கும் வேன் பிடித்து வந்தார்கள். தங்கையா அவர்களுக்கு எண்ணெய் தேய்த்து மாடிப்படியில் வரிசையாக உட்காரவைத்து, ஒவ்வொருவராகத் தலையை மட்டும் அலமாரிக்குள் நீட்டச் சொன்னான். தலையை வெளியே எடுத்த மதுரைக்காரர் ஒருவர் துவட்டிக்கொண்டே, "என்ன இருந்தாலும் போன வருஷச் சாரல் மாதிரி இல்லீங்க" என்றார். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அலமாரிக்குள் காற்று ஒரு கணம் நின்று மறுபடி வீசியது, அதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

ஆனால் ஓர் அலமாரிக்குள் எத்தனை தலை நுழையும்? ஆடி நகர்ந்துகொண்டிருந்தது. லாட்ஜ்கள் பூட்டிக் கிடந்தன. மைமூன் பழத்தை மாட்டுக்குப் போட்டாள். தங்கையா பெண்டாட்டி பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போக மூட்டை கட்டிவிட்டான் என்று பேச்சு வந்தது. ஒருநாள் எல்லோருமாகத் திரண்டு வந்து வாசலில் நின்றார்கள்.

"அண்ணாச்சி, கதவைத் தெறந்து மலைக்கு விட்டிருங்க. ஊரு பொழைக்கும்" என்றான் தங்கையா.

"கொடை முடியட்டும் தங்கையா."

"கொடை முடியயில ஆடியும் முடிஞ்சிரும். பொறவு சீசன் வந்து என்ன, போயி என்ன?"

ஆவுடையப்பன் மாடியை அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் துண்டுக்கடைதான், அவருக்கும் போணி ஆகித்தான் நாளாயிற்று. ஆனால் கதவைத் திறந்தால் அலமாரி காயும், அலமாரி காய்ந்தால் சுருட்டு காயும். அதற்கு மேல் நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது. எல்லோர் முகத்தையும் பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். வாசலில் நின்றவர்கள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிரமு அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, கதவைத் தெறந்து விட்டிருங்க."

"நீயுமா? சாமி இருமினது மறந்து போச்சா?"

"சாமி இருமினா நானும் இருமணுமா? எனக்கும் சாமிக்கும் ஒரே நெஞ்சா?"

"வெளையாடாத பிரமு. ஒன் மூச்சுக்குச் சொன்ன வாக்கு அது. அது மட்டும் தப்பிச்சுன்னா..." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

பிரமு அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "எனக்கு மாடன் மூச்சக் குடுத்தது இத்தன பேரு வாயில மண்ணு விழுததுக்கா? தங்கையா பிள்ளைகுட்டியோட ஊர விட்டுப் போவுதத நான் இந்த மூச்ச வச்சுக்கிட்டு ஜன்னல்ல நின்னு பாக்கணுமா? அப்பிடி ஒரு மூச்சு எனக்கு வேண்டாங்க. அது எனக்கு முட்டும்."

அவர் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். அழுதாரா முகம் கழுவினாரா என்று தெரியவில்லை. வாசலில் நின்றவர்களையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறி, ஊரே பார்க்க, அலமாரிக் கதவை இரண்டு பக்கமும் சுவரில் முட்டும் வரை திறந்து வைத்தார்.

சீசன் வெளியே வரவில்லை.

சாரல் கீழ்த்தட்டில் பெய்துகொண்டே இருந்தது. காற்று நடுத்தட்டைத் தாண்டவில்லை. தங்கையா துண்டை வீசி, கோழியை விரட்டுவதுபோல் சூ சூ என்று பார்த்தான். ஆசாரி கீலைக் கழற்றிக் கதவையே எடுத்துப் பார்த்தார். யாரோ டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து பக்கவாட்டில் வைத்தார்கள். ஒரு துளிகூட வாசல் படியைத் தாண்டவில்லை. மாடன் தன் சுருட்டுக்காக அதைப் பிடித்து வைத்திருக்கிறான் என்றுகூட ஒருவன் சொன்னான்.

"எல்லாரும் செத்த நேரம் சும்மா இருங்க" என்று பிரமு முன்னால் வந்தாள். அலமாரியை ஒரு பார்வை பார்த்தாள். கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற நாத்தனாரைப் பார்க்கிற பார்வை அது. "இது மனக்குறையில இருக்கு. நான் ஒண்ணு கேக்கேன். வருஷா வருஷம் வருது. நம்மள்ல ஒருத்தராவது என்னைக்காவது இத நல்லா இருந்துதுன்னு சொல்லியிருக்கோமா?"

உண்மைதான். குற்றாலத்தில் சீசன் எப்படி என்று யாரைக் கேட்டாலும், சுமார் என்பார்கள், சரியில்லை என்பார்கள், போன வருஷம் மாதிரி இல்லை என்பார்கள். போன வருஷமும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அருவி நிரம்பி வழிந்தால் போலீஸ்காரன் குளிக்கவிட மாட்டேனென்கிறான் என்பார்கள், அளவாக விழுந்தால் தண்ணீர் காணாது என்பார்கள். நல்ல சீசன் என்று வாயைத் திறந்து சொன்னால் கண்பட்டுவிடுமோ, வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று பக்கத்துக்கடைக்காரன் நினைத்துவிடுவானோ என்று ஒரு பயம். வா என்று அதைக் கூப்பிட்டுத் தண்ணீர் வைத்து உட்காரச் சொன்னது இத்தனை காலத்தில் அந்த ஒரு வீடுதான்.

முதலில் மைமூன் முன்னால் வந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எம் மக நிக்காஹ் அந்த வருஷம் நீ நின்னு பெய்ஞ்சதுலதான் நடந்துது. நான் அப்பவும் சுமாருன்னுதான் சொன்னேன். பொய்யி. ரொம்ப நல்லா இருந்துது." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. தங்கையா, தன் அப்பாவுக்கும் தனக்கும் சோறு போட்டது அதுதான் என்றும், அதன் குளிர்ச்சியில் எண்ணெய் தேய்த்துக்கொண்ட எத்தனையோ பேர் வலி போயிற்று என்று தன் கையைப் பிடித்துக் கும்பிட்டதையெல்லாம் தான் ஒருத்தனே வாங்கி வைத்துக்கொண்டதாகவும் சொல்லி, அந்தக் கும்பிடையெல்லாம் சேர்த்து அலமாரிக்குப் போட்டான். ஆசாரி, "மரம் வளந்ததே ஒன்னாலதான்" என்று மட்டும் சொன்னார். ஒவ்வொருவராக வந்து சொல்லச் சொல்ல, கீழ்த்தட்டுச் சாரல் நடுத்தட்டுக்கு ஏறி, நடுத்தட்டுக் காற்று கதவுச்சட்டத்தைத் தொட்டது.

கடைசியாக ஆவுடையப்பன் வந்தார். பெண்டாட்டி நிற்கும்போது இதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்தது, அலமாரிக்குள் தலையை விட்டுச் சொன்னார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"சங்கரன்கோயில்ல இருந்து ஒரு பிள்ளை அவங்க வீட்டாளுகளோட குளிக்க வந்துச்சு. துண்டு கொண்டாரல. தலையெல்லாம் சொட்டச் சொட்ட எங் கடையில வந்து நின்னுச்சு. அன்னைக்கு நீ பெய்யலன்னா அவ வந்திருக்க மாட்டா. நான் அவளுக்குத் துண்டு குடுத்தேன்னு இத்தன வருஷமாப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். எனக்கு அவளக் குடுத்தது நீ. நல்லா இருந்துது தாயே. ரொம்ப ரொம்ப நல்லா இருந்துது."

அவர் தலையை வெளியே எடுப்பதற்குள் சீசன் கிளம்பிவிட்டது. அவர் காதோரமாக வெயில் போயிற்று, தோளை நனைத்துக்கொண்டு சாரல் போயிற்று, எல்லோருடைய வேட்டியையும் சேலையையும் ஒரு உலுக்கு உலுக்கிக் காற்று போயிற்று. ஜன்னலைத் தாண்டியதும் அது விரிந்தது, தென்னந்தோப்பைத் தாண்டியதும் மலையளவு ஆயிற்று. கொஞ்ச நேரத்தில் பாறைக்குப் பின்னாலிருந்து அந்தச் சத்தம், பிறந்ததிலிருந்து அவர்கள் காதில் கேட்டுக்கொண்டிருக்கிற சத்தம், கேட்டது. தங்கையா கட்டிய மூட்டையைப் பிரிக்க ஓடினான்.

அலமாரியில் இப்போது சுருட்டு மட்டும்தான் இருந்தது. கதவைத் திரும்ப மாட்டிச் சாத்தினாலும் ஆவுடையப்பனுக்கு அதைத் திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. போனில் உலகம்மாள் சொன்னதும் அவர் மண்டையில் ஏறவில்லை. "யப்பா, மரம் போதும்போதும்னு குடிச்சிருக்கும். இனி அது சுருட்டுகிட்டப் பிடுங்காது, சுருட்டுக்குக் குடுக்கும். இதுக்குப் பேருதான்ப்பா சீசன் பண்றது." அவர் தலையைத் தலையை ஆட்டினார்.

கொடை நாளின் மதியப் பூசை. சாரலில் பந்தல் நனைந்து, மேளத்தோல் தொய்ந்து, அடிக்கொருதரம் தீயில் காட்டிக் காட்டி அடித்தார்கள். ஊரே வந்திருந்தது, லாட்ஜுகளில் தங்கியிருந்தவர்களும் வந்திருந்தார்கள். வெளியூர் ஆள் ஒருவர் மைமூனிடம், "இந்த வருஷம் சீசன் எப்படிம்மா?" என்று கேட்க, அவள் அண்ணாந்து பார்த்து, உரக்க, "நல்லா இருக்கு" என்றாள்.

ஊய்க்காட்டானுக்கு மாடன் இறங்கியது. ஆவுடையப்பன் சுருட்டுகளை நீட்டினார். சாமி ஒன்றை உருவி எடுத்தது. விரலுக்கு நடுவில் வைத்து அமுக்கியது. சுருட்டு அமுங்கி எழுந்தது. மூக்கில் வைத்துக் கண்ணை மூடி, நெடுநேரம் முகர்ந்தது, சந்தன வேம்பும் மழையும் மணந்த சுருட்டை. "பதம்ல ஆவுடையப்பா. பதம்" என்றது. ஆவுடையப்பன் அழுதுகொண்டே தீப்பெட்டியை எடுத்து, சாரலுக்குக் கையை மறைத்து, ஒரு குச்சியைக் கிழித்துச் சாமியின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

சாமி சுருட்டை வாயருகே கொண்டுபோனது. அதன் சிவந்த கண் நெருப்பைத் தாண்டி, மேளக்காரர்களைத் தாண்டி, கூட்டத்தின் கடைசியில் புகை எட்டாத தூரத்தில் ஒரு வேப்பமரத்தடியில் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தி நின்ற பிரமுவிடம் போய் நின்றது. பிறகு குனிந்து, ஊரே பயப்படுகிற அந்த வாயால், தீக்குச்சியைப் பூ என்று ஊதி அணைத்தது.

"வேண்டாம்ல. பிள்ளைக்கு மூச்சு முட்டும்."

சொல்லிவிட்டுச் சுருட்டைக் காதுக்கு மேல் செருகிக்கொண்டு ஆடப் போய்விட்டது. ஆவுடையப்பன் அணைந்த குச்சியைப் பிடித்தபடி நின்றார். அந்த மேளத்துக்கும் குலவைக்கும் நடுவில், அங்கே வேப்பமரத்தடியில் பிரமு தலைப்பை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, ஈரக்காற்றை நெஞ்சு நிறைய ஒருதரம் இழுத்து விட்டது அவருக்கு இங்கே கேட்டது.